அயனிக் கதவுக்குப் பக்கத்தில் பிளைவுட் அலமாரி

இராஜாக்கமங்கலம் பக்கம் பழைய வீட்டுக்குள் நுழைந்தால் கை முதலில் படுவது அயனிக் கதவில், இல்லையென்றால் தேக்கில். ஜன்னல் பலாவாக இருக்கும். மச்சு இருந்தால் அதன் உத்தரம் என்ன மரம் என்று வீட்டுக்காரருக்கே தெரியாது, அவ்வளவு கறுத்திருக்கும். அந்த வீட்டில்தான் இப்போது துணி அலமாரி, டிவி ஷெல்ஃப், மாடிப்படிக்குக் கீழே ஓர் அடைப்பு என்று பிளைவுட் வந்து நிற்கிறது. அளவெல்லாம் எடுத்துக் கிளம்பும்போது வீட்டுக்காரர் சொல்வார்: "கலர் மட்டும் அந்தக் கதவு கலர்லயே இருந்திரட்டும், என்ன?" அந்த "மட்டும்" நம் கூலியில் பாதியைத் தின்றுவிடும்.

பாலிஷ் வேலைக்குப் புதிதாக வருகிற பையன்கள் என்னிடம் கேட்பது, "எந்த டப்பா வாங்கணும் அண்ணாச்சி?" டப்பாமேல் எழுதியிருக்கிற டீக், வால்நட், ரோஸ்வுட் எல்லாம் கம்பெனிக்காரன் வைத்த பேர் மக்களே. நீ சேர்க்க வேண்டியது இந்த வீட்டுக் கதவோடு, இன்றைக்கு அது இருக்கிற கோலத்தோடு. அதற்குச் சில காரியம் சொல்கிறேன். மற்றதில் ஒன்றிரண்டு விட்டுப்போனாலும் ஆறாவதை விடாதே.

1. கதவைத் துடை.

நிறம் பார்க்கும் முன் பழைய மரத்தில் ஒரு சாண் இடத்தை ஈரத்துணியால் துடை. பிசுக்கு இருந்தால் பாத்திரம் தேய்க்கிற சோப்பு ஒரு சொட்டு விட்டுத் துடைத்துக் காயவிடு. கைப்பிடிக்குப் பக்கத்தில் கை எண்ணெய், பூஜையறைக் கதவில் விளக்குப் புகை, அடியில் தரை துடைத்த தண்ணீர்க் கறை, கடற்காற்று கொண்டுவந்து ஒட்டிய உப்பு, இவ்வளவுக்கும் கீழேதான் மரம் இருக்கிறது.

ஒரு வீட்டில் நான் துடைக்கவில்லை. கதவு கடுங்காப்பி நிறம். அலமாரியை அதே நிறத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். வீட்டுக்காரம்மா சாயா போட்டுத் தந்து, "பிரிச்சே பார்க்க முடியல" என்றார்கள். இரண்டு மாதம் கழித்து மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று கதவைச் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறார்கள். உள்ளேயிருந்து தேன் நிறத்தில் அயனி வெளியே வந்துவிட்டது. என் அலமாரி பக்கத்தில் கரிக்கட்டை மாதிரி நின்றது. அவர்கள் கழுவியது தப்பில்லையே. முழுக்கத் தேய்த்து எடுத்து, கைக்காசு போட்டு மறுபடி செய்து கொடுத்தேன்.

அன்றிலிருந்து முதல் நாளே கேட்டுவிடுவேன்: கதவுக்குப் பாலிஷ் போடப்போகிறீர்களா, இப்படியே விடப்போகிறீர்களா? போடுவதென்றால் கதவை முதலில் முடித்துவிட்டு அலமாரியை அதற்குச் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கும்.

2. மரத்தின் பேரைவிட வயதைப் பார்.

புதிதாக இழைத்த பலா மஞ்சள்பொடி தூவினது போல இருக்கும். வருஷம் போகப் போகச் செம்பழுப்பு ஏறும். அயனியும் பொன்மஞ்சளில் தொடங்கிப் பழுப்பாகக் கறுக்கும். தேக்கு இழைத்த அன்றைக்குப் பச்சை கலந்த மஞ்சளாக, வரிவரியாகத் தெரியும்; காற்றும் வெளிச்சமும் பட்டுச் சில மாதத்தில் பொன்பழுப்பாக ஒன்று சேர்ந்துவிடும். ஈட்டி இதற்கு மாறு, வெயில் விழுந்தால் வெளுக்கும். ஒரே கதவில் வெயில் படும் பலகையும் நிலைக்குள் ஒளிந்த பலகையும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்குமே தவிர இரட்டைப் பிள்ளை மாதிரி இராது.

கண் பழகவேண்டுமென்றால் ஒருநாள் தக்கலை வழியாகப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்வா. திங்கள்கிழமை அடைப்பு. 1956-ல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அதைப் பார்த்துக்கொள்வது கேரளத் தொல்லியல் துறைதான். பூமுகத்து மேல்தட்டில் செதுக்கியிருக்கும் 90 பூக்களை எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நீயும் பார், வேண்டாமென்று சொல்லவில்லை. பிறகு ஜன்னலோர மரத்தையும் உள்ளறை மரத்தையும் மாறிமாறிப் பார். தாய்க் கொட்டாரத்தில் பலாவில் செய்த தூண் ஒன்று உண்டு; மஞ்சளாகப் பிறந்த பலா எங்கே போய்ச் சேரும் என்பதை அதில் பார்த்துக்கொள்.

வீட்டில் செய்துபார்க்க வழி இருக்கிறது. புதுத் தேக்கு வெனியர்த் துண்டில் பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி மொட்டைமாடியில் இரண்டு வாரம் போடு. காகிதத்தை எடுத்தால் கோடு போட்டது போல இரண்டு நிறம் தெரியும். ஆகவே தேக்கு வெனியர் என்றால் அரைச் சாயல் இளசாகவே நிறுத்து. மிச்சத்தை வெளிச்சம் பார்த்துக்கொள்ளும். இதை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லவும் வேண்டும். பின்னால் சொன்னால் சாக்கு.

3. பிளை வாங்கும்போதே பாதி வேலை முடிகிறது.

சாதாரண பிளையின் மேல்தோலைப் பென்சில் சீவுவது போல மரத்தடியைச் சுழற்றிச் சீவி எடுக்கிறார்கள். அதனால் ரேகை அகன்று, குளத்தில் கல் விழுந்த அலை மாதிரி விரியும். அறுத்த பலகையின் நேர்ரேகை அதில் வராது. நிறத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ரேகையை எந்த ஸ்டெயினும் மாற்றாது. மேல்தோலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி வருகிற பிளையும் கடையில் உண்டு. அதன்மேல் தேக்கு நிறம் ஏற்றப் பார்த்தால் செங்கல்தான் கிடைக்கும்.

நம் ஊர் ஈரக்காற்றுக்கு உள்ளறை என்றாலும் ஐ.எஸ். 303-ல் பி.டபிள்யூ.ஆர். ரகம் எடு, தண்ணீர் படும் இடத்துக்கு ஐ.எஸ். 710 மரைன் பிளை. ஆனால் அந்த நம்பரெல்லாம் பசைக்கும் உறுதிக்கும் கொடுத்தவை, முக அழகுக்கு அல்ல. கதவோடு சேரவேண்டிய முகப்புக்கு 4 மில்லி டீக் பிளை வாங்கி மேலே ஒட்டிக்கொள்வதுதான் மலிவான வழி. கதவில் நேர்ரேகை என்றால் நேர்ரேகை ஷீட், கோபுரம் போல ரேகை என்றால் அதுபோல. எல்லா ஷீட்டையும் ஒரே கட்டிலிருந்து அடுத்தடுத்து எடு. கடைக்காரர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். ஷீட்டை வெளியே வெயிலில் சாய்த்து ஈரத்துணியால் ஓர் இழு இழுத்துப் பார். ஈரத்தில் தெரிகிற நிறம்தான் ஏறக்குறைய ஸ்டெயின் இல்லாமல் பாலிஷ் மட்டும் போட்டால் வரும் நிறம். சில சமயம் அதுவே கதவுக்குப் போதும் என்று தோன்றும். அன்றைக்கு நீ அதிர்ஷ்டக்காரன்.

4. உப்புத்தாளைப் பயந்து பிடி.

மேல்தோல் அரை மில்லிகூட இராது, கல்யாணப் பத்திரிகை அட்டை கனம். மிஷினில் 120 போட்டு அழுத்தினால் அடியில் உள்ள குறுக்கு நாரும் பசையும் பல்லைக் காட்டிவிடும். அதை மூட மருந்து கிடையாது, ஷீட்டை மாற்றத்தான் வேண்டும். மரக்கட்டையில் தாளைச் சுற்றிக் கையால் தேய்: 180, பிறகு 220. நார் ஓடுகிற திசையில் மட்டும். குறுக்கே இழுத்த கோடு இப்போது கண்ணுக்குத் தெரியாது. ஸ்டெயின் பட்டதும் பூனை பிறாண்டினது போல எழுந்து நிற்கும். தண்ணீரில் கரைகிற ஸ்டெயின் என்றால் முன்பே ஈரத்துணி போட்டு நாரை எழுப்பிக் காயவைத்து, தேய்ந்த 220-ஆல் லேசாகத் தடவிவிடு.

5. ஆசாரியின் பசைக் கை.

வெள்ளைப் பசை பட்ட இடம் ஸ்டெயினைக் குடிக்காது. விரல் பதிந்த இடம் ரேகை உட்பட வெள்ளையாகத் தெரியும், யார் விரல் என்றே சொல்லிவிடலாம். ஆசாரி வேலை செய்யும்போதே ஈரத்துணியைக் கையில் கொடுத்துவை. கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

6. துண்டுப் பலகை இல்லாமல் டப்பாவைத் திறக்காதே.

அதே ஷீட்டில் வெட்டிய மிச்சம் வேண்டும். வேறு பிளையில் பார்த்த நிறம் வேறு ஊர்க் கதை. ஒரு முழ நீளத்தில் ஏழெட்டுத் துண்டு வெட்டி, அலமாரிக்குத் தேய்த்தது போலவே அதையும் தேய். ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் நம்பர் போடு. ஒவ்வொரு நம்பருக்கும் என்ன கலந்தாய், எத்தனை மில்லி, எத்தனை நிமிஷம் கழித்துத் துடைத்தாய் என்று எழுது. அளக்க மருந்துக்கடை சிரிஞ்ச் போதும். "கொஞ்சம்", "ஒரு துளி" எல்லாம் சமையலுக்கு. நான் நூறு மில்லி தின்னருக்கு இத்தனை மில்லி ஸ்டெயினர் என்றுதான் எழுதுவேன்.

பையன்கள் இங்கே செய்கிற தப்பு ஒன்று உண்டு. ஸ்டெயின் காய்ந்ததும் துண்டைக் கதவுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துத் திருப்தியாகிவிடுவார்கள். காய்ந்த ஸ்டெயின் சுண்ணாம்பு பூத்தது போல மங்கித் தெரியும். அதன்மேல் சீலரும் டாப் கோட்டும் ஏறின பிறகுதான் உண்மை நிறம். எண்ணெய் சேர்ந்த வார்னிஷ் ஒரு மஞ்சள் கூட்டும். தண்ணீர் பியு அப்படியே வெளிறி விடும். அதனால் துண்டுக்கும் அலமாரிக்குப் போடப்போகிற அத்தனை கோட்டும் போடு, பிறகு பார். ஒரு நாள் கூலி போகும். போகட்டும்.

துண்டைத் தரையில் வைத்துப் பார்க்காதே. அலமாரிக் கதவு நிற்கப்போகிறது. துண்டும் நிற்க வேண்டும், அதே சுவரில், அதே உயரத்தில்.

7. டியூப்லைட்டை நம்பாதே.

நான் தொழில் படித்த காலத்தில், ஒரு வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு டியூப்லைட்டு வெளிச்சத்தில் கலந்தேன். நீல வெளிச்சத்தில் சிவப்பு அமுங்கிக் கிடந்தது. போதாதென்று பர்ன்ட் சியன்னாவை ஊற்றிக்கொண்டே போனேன். கதவும் அலமாரியும் அச்சு அசல் ஒன்று. மறுநாள் காலையில் கிழக்கு ஜன்னலைத் திறந்தார்கள். அலமாரி முழுக்க யாரோ வெற்றிலை போட்டுத் துப்பினது போல இருந்தது. என் மேஸ்திரி ஒரு வார்த்தை பேசவில்லை. தின்னர் கேனையும் துணியையும் என் முன்னால் வைத்துவிட்டுச் சாயா குடிக்கப் போய்விட்டார்.

காலை வெயில், மதிய வெளிச்சம், ராத்திரி அந்த அறையில் எரிகிற அதே பல்பு, மூன்றிலும் பார். மூன்றிலும் சேராது. அந்த அறையில் ஆள் எந்நேரம் உட்கார்ந்திருப்பார்களோ அந்நேரத்து வெளிச்சத்துக்குச் சேர்.

8. மஞ்சளில் தொடங்கு.

கறுப்பாக்க ஒரு நிமிஷம், வெளுக்க ஒரு நாள். பழைய மரத்தின் அடியில் எப்போதும் ஒரு பொன்மஞ்சள் இருக்கும், அதன்மேல்தான் பழுப்பு. பையன்கள் நேரே பழுப்பைப் பூசுகிறார்கள், நிறம் செத்துப்போகிறது. முதலில் நீர்த்த மஞ்சள் ஒரு கை. காய்ந்தபின் பழுப்பு. யெல்லோ ஆக்சைடு, பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், கறுப்பு என்று நாலு ஸ்டெயினர் இருந்தால் இந்த மாவட்டத்தில் உள்ள எந்தக் கதவையும் எட்டிப்பிடிக்கலாம். சிவப்பு மிஞ்சினால் கறுப்பு விடாதே, சேறாகும். பச்சை ஒரு சொட்டு விடு. நம்ப மாட்டாய், செய்து பார்.

மண்நிறப் பொடி ஸ்டெயின் மரத்தின் துளைகளில் போய் உட்காரும், வெயிலுக்குத் தாங்கும். சாயம் கரைந்து உள்ளே இறங்கும், தெளிவாக இருக்கும், ஆனால் மேற்கு ஜன்னல் வெயிலில் வெளுக்கும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கரைத்துப் பூசுகிற பழைய வித்தையும் அப்படித்தான்: ஊதாவாகப் போய்ப் பழுப்பாக மாறும்போது அழகுதான், வெளிச்சத்தில் நிற்காது.

9. திட்டு.

இளமரத் தோல் போட்ட பிளையும் ரப்பர் மரமும் ஸ்டெயினை ஓரிடத்தில் குடிக்கும், ஓரிடத்தில் துப்பும். அதற்கு முன்னால் அரக்குத் தண்ணீர் ஒரு கை: ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 60 கிராம் அரக்கு, அதற்கு மேல் வேண்டாம். காய்ந்ததும் 320 தாளால் ஒரு தடவல். தாகம் அடங்கின மரம் சமமாகக் குடிக்கும். நிறம் இளசாக ஏறும் என்பதால் துண்டுப் பலகைக்கும் இதைச் செய்திருக்க வேண்டும். ஸ்டெயினைப் பனியன் துணியில் தொட்டு வட்டமாகத் தேய்த்து, நார் வழியே துடைத்து எடு. பலகையின் நடுவில் நிறுத்தாதே. ஃபோன் அடித்தால் அடிக்கட்டும்.

10. ஆணிக் கறுப்பு.

பழைய தேக்கிலோ அயனியிலோ இரும்பாணியைச் சுற்றி மைக்கறை போல ஒரு வளையம் பார்த்திருப்பாய். மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து உண்டாகிற கறுப்பு அது. கடற்கரை ஊரில் சீக்கிரமே வரும். அந்தச் சாம்பல் கலந்த கறுப்பு ஸ்டெயினரில் கிடைக்காது. வேண்டுமானால் நீயே காய்ச்சலாம். துருப்பிடித்த ஆணி ஒரு கை எடுத்து அரை லிட்டர் காடியில் ஒரு வாரம் ஊறப்போடு. வாயு கிளம்பும், மூடியை இறுக்காதே. பிறகு வடிகட்டு. பிளைத் தோலில் துவர்ப்பு போதாது என்றால் முதலில் கடுக்காய் வேகவைத்த தண்ணீரைப் பூசிக் காயவிடு. அதன்மேல் காடித் தண்ணீர் பட்டால் நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கும். மறுநாள் வரைக்கும் இறங்கிக்கொண்டே இருக்கும், அதனால் கால்வாசியில் நிறுத்து. இதே காரணத்தால் நல்ல தேக்கு முகப்பில் ஈரத்தோடு ஸ்டீல் வுல் போட்டுத் தேய்க்கக் கூடாது. நாரில் சிக்கின தூள் புள்ளிபுள்ளியாகக் கறுக்கும்.

11. அண்டி எண்ணெய் வேண்டாம்.

சிதலுக்குப் பயந்து அந்தக்காலத்தில் இந்த முந்திரித் தோட்டு எண்ணெயை உத்தரத்துக்கும் கழுக்கோலுக்கும் பூசினார்கள், கறுப்பு அதனால்தான். அண்டி ஆபீஸில் தோடு உடைக்கிற பெண்களின் கையைப் பார்த்தவன் அதைத் துணி அலமாரிக்குப் பூச நினைக்க மாட்டான். தோலைப் புண்ணாக்கும்.

12. மழையைப் பார்த்து நாள் குறி.

நமக்கு ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. ஈரக்காற்றில் பிரெஞ்ச் பாலிஷும் லேக்கரும் வெள்ளை பூக்கும். ஆவியாகிற ஸ்பிரிட் பரப்பைக் குளிரவைக்க, காற்றின் ஈரம் அதில் வந்து படிகிறது. ரிட்டார்டர் கொஞ்சம் கலந்தால் சமாளிக்கலாம், வேலையைத் தள்ளிப்போட்டால் இன்னும் நல்லது. கடல் பக்கம் திறந்த வீட்டில் மதியக் காற்று மணலையும் உப்பையும் கொண்டுவரும். காலையில் பூசு. மெலமைன் போடும்போது ஜன்னலைத் திறந்துவை, கண் எரியும், குழந்தைகளை அந்த அறையில் படுக்கவிடாதே என்று சொல்.

13. மினுக்கம்.

நிறம் சரியாக வந்தும் அலமாரி தனியாகத் தெரிகிறதா? மினுக்கத்தைப் பார். பழைய கதவு கைபட்டுக் கைபட்டு மங்கலாக, தோல் செருப்பு மாதிரி ஒரு அடக்கமான பளபளப்பில் இருக்கும். நீ கிளாஸி அடித்தால் ஜன்னல் முழுக்க அதில் தெரியும், நிறமும் கடுத்துத் தெரியும். மாட் அல்லது சாட்டின் எடு. கிளாஸி ஏற்கெனவே போட்டாயிற்று என்றால், நன்றாக இறுகின பிறகு நைஸ் ஸ்டீல் வுல்லில் மெழுகு தொட்டு நார் வழியே இழு. நான் பார்த்தவரை சேரவில்லை என்று சண்டைக்கு வருகிற வேலைகளில் பாதி இங்கேதான் கோளாறு.

14. விளிம்புக்குக் கதவு மரத்திலேயே பீடிங் அடிக்கச் சொல். பிளையின் அடுக்கு விளிம்பை எந்த ஸ்டெயினாலும் மறைக்க முடியாது.

15. எண்ணெய்த் துணி.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதே. காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடு, இல்லை தண்ணீர் வாளியில் முக்கு. இதில் மட்டும் என்னிடம் விளையாட்டு கிடையாது.

16. கணக்கை உள்ளே எழுதிவை.

வேலை முடிந்ததும் அலமாரியின் மேல்தட்டுக்கு அடியில் பென்சிலால் கலவை அளவையும் மாதத்தையும் எழுது. தேறின துண்டுப் பலகையையும் மிச்ச ஸ்டெயினையும் வீட்டுக்காரரிடம் கொடு. மேஜை இடித்துக் கீறல் விழும், ஏதாவது விழும்.

போன வருஷம் ஒரு வீட்டில் இன்னொரு கதவு சேர்க்கக் கூப்பிட்டார்கள். மேல்தட்டுக்கு அடியில் டார்ச் அடித்தால் என் கையெழுத்து: 2004 மாசி, மஞ்சள் 6, சியன்னா 3, அம்பர் 2. அப்படியே கலந்து துண்டில் போட்டுப் பக்கத்தில் நிறுத்தினேன். சேரவில்லை. இருபது வருஷ வெளிச்சம் அந்த அலமாரியையும் கதவையும் சேர்த்தே இறக்கியிருந்தது. அம்பரை நாலாக்கிக் கறுப்பு அரை மில்லி விட்டேன். பழைய வரிக்குக் கீழே புது வரியையும் எழுதினேன்.